எண்டர் தட்டுவதற்கு முன்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாதி கம்ப்யூட்டரையும் செல்போனையும் பற்றியவை. வீட்டுச் சங்கதிகள் நிறைய கலந்திருப்பதால் பெயர்களை எடுத்துவிட்டு, ஊரையும் தொழிலையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

கே: பன்னிரண்டு வருடமாக டி.டி.பி. வேலை. சாயங்காலம் நாலு மணி தாண்டினால் கண் எரிகிறது. கண்ணாடிக் கடையில் 'ப்ளூ கட்' லென்ஸ் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (டி.டி.பி. ஆபரேட்டர், சிவகாசி)

ப: அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். இந்த லென்ஸ்களைப் பற்றிய 17 மருத்துவ ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2023இல் வெளியான காக்ரேன் அறிக்கை, கண் சோர்வு இவற்றால் குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னது. அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கமும் கம்ப்யூட்டர் வேலைக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

கண் எரிவது பெரும்பாலும் இமைக்க மறப்பதால். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைக்கிற கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரிபார்க்கிற உங்களுக்கு இன்னும் குறையும். கண்ணீர்ப் படலம் காய்ந்துபோகிறது. மேலே ஓடுகிற மின்விசிறி முகத்துக்கு நேரே அடித்தால் கேட்கவே வேண்டாம்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருப்பதை, இருபது நொடி பாருங்கள். எதிர்க்கடை போர்டு போதும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ, சற்றுக் கீழேயோ இருக்கட்டும். கண் அகலத் திறப்பது குறையும், காய்வதும் குறையும். நாற்பதை நெருங்குகிறவர் என்றால் வெள்ளெழுத்து வந்திருக்கலாம். லென்ஸுக்கு மேல் பூசுகிற பூச்சுக்கு முன்னால் லென்ஸின் பவர் சரிதானா என்று கண் மருத்துவரிடம் பாருங்கள்.

கே: பெரியவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் பார்க்கலாம்? (வங்கி ஊழியர், விருத்தாசலம்)

ப: பெரியவர்களுக்கு இத்தனை மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எதுவும் வகுக்கவில்லை. உட்கார்ந்தே இருப்பதைக் குறையுங்கள், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடம்பை அசையுங்கள் என்கிறது அதன் 2020 வழிகாட்டுதல். உங்கள் வேலையில் திரைக்குக் கணக்கு வைக்க முடியாது. நடைக்கு வைக்கலாம்.

கே: இரண்டு வயதுப் பேத்தி, செல்போனில் பாட்டுப் போட்டால்தான் வாய் திறக்கிறாள். மருமகளிடம் சொன்னால் மனஸ்தாபம். (இல்லத்தரசி, மன்னார்குடி)

ப: சொல்ல வேண்டாம். ஒரு வேளை ஊட்டுகிற வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மருமகள் செல்போன் கொடுப்பது ஆசையால் அல்ல. அடுப்பில் ஒன்று, வாசலில் ஒன்று, ஆபீஸுக்கு நேரம் ஒன்று என்று நிற்கிறவருக்கு வேறு கை இல்லை. உங்கள் கையைக் கொடுங்கள்.

இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. திரையில் லயித்திருக்கிற குழந்தைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, நிறையாததும் தெரியாது. திண்ணையில் உட்கார்த்தி வையுங்கள். காக்கா வரும், ஆடு போகும், பால்காரர் மணி அடிப்பார். முதல் சில நாள் அழுவாள், கொஞ்சம் சாப்பாடு குறையும், பயப்பட வேண்டாம். அந்த அரை மணி நேரம் உங்கள் செல்போனும் உள்ளே இருக்கட்டும்.

கே: பத்து வருடமாக கிராக் செய்த போட்டோஷாப்தான் ஓடுகிறது. ஒரிஜினல் கட்டுப்படியாகாது. தெருவே இப்படித்தான் தொழில் செய்கிறது. நான் மட்டும் யோக்கியனாக இருந்து என்ன ஆகப்போகிறது? (ஸ்டூடியோ உரிமையாளர், பண்ருட்டி)

ப: நீங்கள் எடுத்த கல்யாணப் படத்தைப் பக்கத்து ஊர் ஸ்டூடியோக்காரர் தன் போர்டில் போட்டுக்கொண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்பீர்கள். மென்பொருள் எழுதியவருக்கு வண்டி ஏறி வர முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் அவருக்காகப் பேசுகிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம்.

சட்டத்தைவிட எனக்குக் கவலை உங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றித்தான். கிராக் போடும்போது முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும், கவனித்திருப்பீர்கள். முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை, காவலை எடுத்துவிட்டு உள்ளே விடுகிறீர்கள். அதே கம்ப்யூட்டரில்தான் ஊர்ப் பெண்களின், குழந்தைகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. திருட்டு விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அப்டேட் போடவும் பயப்படுவார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தாக்குதல் 150 நாடுகளுக்கு மேல் பரவி, இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி ஆனது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

கிம்ப், இங்க்ஸ்கேப், டார்க்டேபிள், ஸ்க்ரைபஸ் எல்லாம் இலவசம். நகலெடுத்துப் பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு. கை பழக நாளாகும். பாஸ்போர்ட் சைஸ் படங்களை மட்டும் முதலில் கிம்ப்பில் செய்து பாருங்கள். ஆல்பம் வேலை பிறகு தானாக வரும்.

கே: புத்தகம் வாங்கப் பணம் இல்லை. டெலிகிராமில் பி.டி.எஃப். கிடைக்கிறது. வாசிப்பது பாவமா? (போட்டித் தேர்வு எழுதுபவர், அருப்புக்கோட்டை)

ப: வாசிப்பது பாவமில்லை. உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் சோற்றில் கை வைப்பது தப்பு. தமிழில் ஒரு நாவல் சில நூறு பிரதி விற்றாலே பதிப்பாளர் நிம்மதியாகிறார் என்கிற நிலை. அதில் ஒரு ஸ்கேன் ஊர் சுற்றினால் அடுத்த புத்தகமே வராது.

இலவசமாக, நேர்மையாகப் படிக்க மலைபோல் இருக்கிறது. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழிந்த படைப்புகள் எல்லோருக்கும் பொது. அரசு நாட்டுடைமை ஆக்கியவையும் அப்படியே; பாரதியார் படைப்புகளுக்கு 1949இலேயே அந்தப் பேறு கிடைத்தது. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. புது நாவல்தான் வேண்டும் என்றால் கிளை நூலகத்தில் வாங்கிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கே: மனைவியின் செல்போனை அவருக்குத் தெரியாமல் பார்ப்பது தவறா? (மொத்த வியாபாரி, ஈரோடு)

ப: தவறு. சந்தேகம் இருந்தால் மனைவியிடம் கேளுங்கள், செல்போனிடம் கேட்காதீர்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதினார்கள். அந்த மரியாதையைத் தாலி கட்டிய வீட்டுக்குள்ளும் கொடுக்க வேண்டும்.

கே: அப்பா குடும்பக் குழுவில் ஓயாமல் ஃபார்வர்டு அனுப்புகிறார். 'உண்மையோ பொய்யோ, எதற்கும் இருக்கட்டும்' என்று மேலே ஒரு வரி. சொன்னால் கோபம் வருகிறது. (ஆசிரியை, தென்காசி)

ப: 'எதற்கும் இருக்கட்டும்' என்ற அந்த இரண்டு சொல் ஓர் உயிரை எடுத்திருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

2018 மே மாதம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் காரில் போகிறது. வழியில் நிறுத்திய இடத்தில் குழந்தைகளைப் பார்த்ததும், அறுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் சாக்லேட் எடுத்துக் கொடுக்கிறார். நம் பாட்டிமார் எல்லோரும் செய்கிற காரியம். ஆனால் அதற்கு முந்தைய நாட்களில், குழந்தை கடத்துகிற கும்பல் வந்திறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் வீடியோவும் வீடுவீடாகச் சுற்றியிருந்தன. கூட்டம் கூடியது. அடித்தார்கள். அந்த அம்மா இறந்துபோனார், உடன் வந்தவர்களுக்குப் பலத்த காயம். அவர்கள் யாரையும் கடத்த வரவில்லை.

அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பைக்கில் வந்தவர்கள் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது. அது பாகிஸ்தானின் கராச்சியில் பெற்றோரின் விழிப்புணர்வுக்காக எடுத்த படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற காட்சி உண்டு. யாரோ அந்தக் கடைசியை மட்டும் வெட்டிவிட்டார்கள். வெட்டியவர் ஒருவர்தான். அனுப்பியவர்கள் எல்லோரும் நல்லவர்கள், பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர்கள், உங்கள் அப்பாவைப்போல.

அதே 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வைத்தது. 2020 ஏப்ரலிலிருந்து, பல கை மாறி வந்த செய்தியை ஒருமுறைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது அப்படிப்பட்டது. இரட்டை அம்பைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், இந்த ஒரு பழக்கம் போதும்.

குழுவில் எல்லோர் முன்னாலும் அவரைத் திருத்தாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். 'இது எந்த ஊரில், எந்தத் தேதியில் நடந்தது என்று பார்த்துச் சொல்லுங்களேன்' என்று வேலையை அவரிடமே விடுங்கள். அக்கறை உள்ள மனுஷர், தேடிப் பார்ப்பார். தேதி இல்லாத செய்தி எத்தனை வருகிறது என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார்.

கே: பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸும் சேர்த்து நடத்துகிறேன். தினமும் ஆதார், சான்றிதழ் என்று வருகிறது. நான் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு என்ன? (கடைக்காரர், திண்டிவனம்)

ப: வந்த கேள்விகளில் என்னை நிமிர வைத்தது இதுதான். யாரும் கட்டாயப்படுத்தாமல் கேட்கிறீர்கள்.

உங்கள் கடை போன்ற ஒரு கடையின் கம்ப்யூட்டரை உற்றுப் பாருங்கள். டெஸ்க்டாப் முழுக்க பி.டி.எஃப்.கள், போன வாரம் வந்த பெண்ணின் ஜாதிச் சான்றிதழ், யாருடைய பான் கார்டோ, யாருடைய வங்கிப் பாஸ்புக்கோ. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் வருடக்கணக்கில் ஆதார். வாட்ஸ்அப் வெப்பில் யாரோ லாக்அவுட் செய்யாமல் போயிருக்கிறார்கள். தப்பாக அச்சான ஆதார்த் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதியிருக்கிறது. இறக்கிய ஆதார்க் கோப்புக்குப் பாஸ்வேர்டு உண்டே என்று நினைக்காதீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது. பக்கத்திலேயே கிடக்கிற சான்றிதழில் இரண்டும் இருக்கின்றன.

வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். 'அழித்துவிட்டேன், பாருங்கள்' என்று வாயால் சொல்லுங்கள். அச்சு எடுக்க வருகிறவர்கள் உங்கள் சொந்த வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார்கள் என்றால் அந்தச் செல்போனிலும் அழிக்க வேண்டும். ராத்திரி கடை அடைக்கும் முன் எல்லா லாக்இன்னையும் எடுத்துவிடுங்கள். கெட்டுப்போன தாளைக் கிழித்துப் போடுங்கள். பஜ்ஜிக் கடைக்குப் போகக் கூடாது. கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்தே இறக்கலாம் என்று ஒரு அட்டை எழுதி மாட்டுங்கள். முழு எண் வேண்டாத இடங்களுக்கு அதையே அச்சடித்துக் கொடுக்கலாம்.

கே: அசைன்மென்ட்டை ஏ.ஐ. எழுதித் தருகிறது. வாத்தியாருக்கும் தெரியவில்லை. பிறகு ஏன் நான் எழுத வேண்டும்? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

ப: வாத்தியாருக்குத் தெரியவில்லை, சரி. இன்டர்வியூவில் எதிரே உட்காருகிறவருக்கு ரெண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

நியூயார்க்கில் 2023இல் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கிய பழைய தீர்ப்புகளை நிஜம் என்று நம்பி நீதிமன்றத்தில் மனுவாகவே கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கும் அவர்கள் அலுவலகத்துக்கும் சேர்த்து ஐயாயிரம் டாலர் அபராதம். நீ முதலில் எழுது. பிறகு அதனிடம் காட்டி 'எங்கே ஓட்டை?' என்று கேள். அது சொல்கிற ஒவ்வொரு மேற்கோளையும் நீயே தேடிப் பிடித்துப் படி. உதவி வாங்கியதை வாத்தியாரிடம் சொல்லிவிடு.

கே: ராத்திரியில் சாட்பாட்டிடம் மனம்விட்டுப் பேசுகிறேன். நிம்மதியாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாததைக்கூட அதனிடம் சொல்லிவிடுகிறேன். தப்பா? (விடுதியில் தங்கி வேலைபார்க்கும் பெண், கோவை)

ப: தப்பு இல்லை. நீங்கள் முதல் ஆளும் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசஃப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 1966இல் எலிசா என்று ஒரு நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடுகிற எளிய நிரல். அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்த செயலாளரே, அதனிடம் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில், பேராசிரியரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் அதிர்ந்துபோனார். கம்ப்யூட்டர் செய்யக் கூடாத காரியங்கள் சில உண்டு என்று 1976இல் ஒரு புத்தகமே எழுதினார்.

இன்றைய சாட்பாட் எலிசாவைவிட எத்தனையோ மடங்கு கெட்டி. ஆனால் மூன்று நாள் நீங்கள் சாப்பிடவில்லை என்றால் அது கதவைத் தட்டி வராது. நீங்கள் சொன்ன ரகசியம் ஒரு கம்பெனியின் சர்வரில் எழுத்தாக இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். பக்கத்துக் கட்டில் தோழியிடம் பாதியையாவது சொல்லுங்கள். அதுவும் முடியாத ராத்திரிகளுக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம், எதிர்முனையில் மனிதர் இருப்பார்.

கே: லேப்டாப்பில்தான் முழு நாளும். கழுத்தும் தோளும் கழன்று விழுகிற மாதிரி வலி. (மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்)

ப: லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கை தோள்வரை ஏறும். கையைச் சரியான இடத்தில் வைத்தால் கழுத்து குனியும். இரண்டையும் பிரிப்பதுதான் வைத்தியம். அடியில் நாலைந்து தீபாவளி மலர்களை அடுக்கி லேப்டாப்பை ஏற்றுங்கள், தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள். முழங்கை உடம்பை ஒட்டி, கிட்டத்தட்ட செங்கோணத்தில். பாதம் முழுக்கத் தரையில். கட்டிலில் சாய்ந்து வேலை வேண்டவே வேண்டாம். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரி மரத்துத் தூக்கம் கலைந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். மணிக்கட்டில் நரம்பு அமுங்குகிறது என்பதற்கு அடையாளம் அது. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கே: ராத்திரி 11 மணிக்கு டீம் லீட் மெசேஜ் போடுகிறார். பதில் போடாவிட்டால் அப்ரைசலில் காட்டுவார். (அதே ஊர், வேறு ஊழியர்)

ப: பிரான்சில் 2017இலிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும் வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. நம் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாக வந்ததோடு சரி. சட்டம் வரும் வரை, டீமாகச் சேர்ந்து பகலில் பேசுங்கள்: அவசரம் என்றால் போன், மெசேஜ் என்றால் காலையில். தனியாகக் கேட்டால் குறை சொல்வதாகத் தெரியும். எல்லோரும் கேட்டால் ஏற்பாடாகிவிடும். டீம் லீட்களுக்கும் ஒரு வேண்டுகோள். ராத்திரி தோன்றியதை ராத்திரியே எழுதுங்கள், காலை 9 மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவிடுங்கள். பெரும்பாலான மெயிலிலும் ஆபீஸ் சாட்டிலும் அந்த வசதி இருக்கிறது.

கே: என் முகத்தை வேறு படத்தோடு ஒட்டி, பணம் தராவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்கிறான். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். (கல்லூரி மாணவி, ஊர் வேண்டாம்)

ப: மகளே, உன்மேல் ஒரு துளித் தப்பும் இல்லை. குற்றவாளி அவன்.

பணம் கொடுக்காதே; கொடுத்தால் திரும்பவும் கேட்பான். பயத்தில் எதையும் அழித்துவிடாதே. அவன் அனுப்பிய செய்தி, எண், கணக்கின் பெயர், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு பேச்சை நிறுத்து. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான இந்த வகைக் குற்றங்களைப் பெயர் சொல்லாமலேகூடத் தெரிவிக்கலாம். 181 பெண்கள் உதவி எண். பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் 1098. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, பாலியல் காட்சியைப் பரப்பினால் முதல் முறைக்கே 5 வருடம் வரை சிறை என்கிறது. ஒட்டிச் செய்த படங்களையும் புகார் வந்தால் நேரக் கெடுவுக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்று ஐ.டி. விதிகள் இருக்கின்றன.

ஸ்டாப்என்சிஐஐ என்றொரு தளம் உண்டு. படத்தை நீ யாருக்கும் அனுப்ப வேண்டாம். உன் செல்போனிலேயே அதற்கு ஒரு எண் அடையாளம் உண்டாக்கி, அதை மட்டும் பெரிய சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கொடுத்து, அந்தப் படம் ஏறினால் தடுக்க வைக்கும். பதினெட்டுக்குக் கீழே இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற தளம் அதே வேலையைச் செய்கிறது.

வீட்டில் ஒருவரிடமாவது சொல். அத்தையோ, அக்காவோ, கல்லூரி மேடமோ. இதைப் படிக்கிற பெற்றோரே, உங்கள் பெண் வந்து சொன்னால் முதல் வாக்கியம் 'நாங்கள் இருக்கிறோம்' என்பதாக இருக்கட்டும். மிரட்டுகிறவனுடைய ஒரே ஆயுதம் உங்களைப் பற்றி அவளுக்கு இருக்கிற பயம்தான்.

கே: பையன் விடிய விடிய கேம் ஆடுகிறான். இது நோயா? (பெட்டிக்கடை வியாபாரி, கடலூர்)

ப: விடுமுறையில் ரெண்டு வாரம் ஆடினால் நோய் இல்லை. தானே நிறுத்த முடியாமல், சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாம் கெட்டும் தொடர்ந்து, அது பொதுவாக ஒரு வருடம் நீடித்தால் கேமிங் கோளாறு என்று 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்று 2014இலிருந்து தனி கிளினிக் இருக்கிறது. செல்போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். பணம் கட்டி ஆடுகிறானா என்று மட்டும் உடனே பாருங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையே 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது.

கே: பாஸ்வேர்டை எங்கே எழுதிவைப்பது? (ஓய்வு பெற்ற தபால்காரர், சிதம்பரம்)

ப: வீட்டு பீரோவில், டைரியில். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிவைக்காதீர்கள். சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள்; பேரன் பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம். மெயிலுக்கும் வங்கிக்கும் ஒரே பாஸ்வேர்டு கூடாது.

கே: பழைய லேப்டாப்பைக் காயலான் கடையில் போடலாமா? விண்டோஸ் 10க்கு மேல் ஏறவில்லை. (பத்திர எழுத்தர், ஆரணி)

ப: போட வேண்டாம். 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவைக் கொட்டியது. முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது நாலில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் நிறைய, செம்புக்காக ஒயரை எரிப்பவர்களின் நுரையீரலுக்குப் போகிறது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் இலவசப் பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது, லேப்டாப்பின் ஆயுள் முடியவில்லை. ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸ் ஏற்றினால் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம். கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். சும்மா ஃபார்மட் அடித்தால் ஊர்க்காரர் பத்திரங்கள் அதிலேயே இருக்கும், மீட்டுவிடலாம்.

கே: என் வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் சும்மா பயன்படுத்திக்கொள்ள மாதம் ஐயாயிரம் தருகிறேன் என்கிறார் நண்பரின் நண்பர். (பாலிடெக்னிக் மாணவர், திருச்சி)

ப: ஓடுங்கள். யாரிடமோ திருடிய பணம் உங்கள் பெயரில் வந்து போகும். போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு. எப்படிப்பட்டவர்களிடம் திருடப் பார்க்கிறார்கள் என்பதை அடுத்த கடிதத்தில் பாருங்கள்.

கே: கொரியரில் என் பெயரில் போதைப்பொருள் வந்ததாகச் சொல்லி, போலீஸ் உடையில் ஒருவர் வீடியோ காலில் வந்தார். 'டிஜிட்டல் அரெஸ்ட், யாரிடமும் பேசக் கூடாது' என்று உட்கார வைத்தார். பக்கத்து வீட்டுப் பையன் தற்செயலாக வந்ததால் பிழைத்தேன். இன்னும் கை நடுங்குகிறது. (ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

ப: டீச்சரம்மா, நீங்கள் ஏமாளி இல்லை. வாழ்நாள் முழுக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களைத்தான் சட்டத்தின் பெயரால் பயமுறுத்த முடியும். அவர்களுக்கு அது தெரியும்.

இந்தியாவில் எந்தச் சட்டத்திலும் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். போலீஸ், சி.பி.ஐ., சுங்கத் துறை, நீதிமன்றம் யாருமே வீடியோ காலில் கைது செய்யமாட்டார்கள், 'சரிபார்க்க' என்று பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லவும்மாட்டார்கள். யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் சொன்னாலே அழைப்பைத் துண்டித்துவிடலாம்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே கூப்பிட வேண்டும். மேலே அந்த மாணவரிடம் கேட்டார்களே, அப்படி வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகத்தான் பணம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறது. அது ஓடி முடிவதற்குள் தகவல் போனால் வங்கிகள் நடுவழியில் நிறுத்திவைக்க முடியும். நாளைக்குப் பார்க்கலாம், மகன் வரட்டும் என்று இருந்தால் கைவிட்டுப் போகும்.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளே, இன்று ராத்திரி அப்பா அம்மாவுக்கு போன் போடுங்கள். டீச்சரம்மாவுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.